தாமதத்தில் வெந்த முட்டை

நகோண்டே எல்லையில் எனக்கு வேலை,
லாரிகள் எத்தனை மணி நேரம் நிற்கின்றன என்று எழுதுவது.
ஜாம்பியா வாசலில் நுழையும்போது ஒரு கோடு,
தான்சானியா பக்கம் தலை நீட்டும்போது ஒரு கோடு.
நடுவில் இருப்பதைக் கழித்துப் போடு என்றார்கள்.

நடுவில் இருந்தது ஓர் ஊர்.

செம்புத் தகடு ஏற்றிய லாரிகள்
மூன்று வரிசையாக, நான்கு நாள், ஐந்து நாள்,
ஒரு மழைக்காலத்தில் பதினொரு நாள்.
வண்டிக்கடியில் பாய் விரித்துத் தூங்குவார்கள் டிரைவர்கள்.
முத்திரை குத்துகிறவர் சாப்பிடப் போயிருப்பார்.
முத்திரையும் அவரோடு போயிருக்கும்.

அந்த வரிசை நெடுக நகாம்பா நடப்பாள்.
வாளியில் அவித்த முட்டை, மேலே ஈரத்துணி,
துணிக்கு மேல் மிளகாய்ப்பொடி டப்பா.
சூடாக இருக்கிறது என்பதை
பெம்பாவில், சுவாகிலியில், கொஞ்சம் பிரெஞ்சிலும் சொல்வாள்.
முட்டை ஓட்டை அவளே உரித்துத் தருவாள்,
கிரீஸ் கை பட்டால் வெள்ளை கறுத்துவிடும் என்று.
நாளைக்கு நூற்றிருபது முட்டை.
கடன் சொன்ன டிரைவரை
மறுநாளும் அதே சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்துவிடலாம்.
எந்த வங்கிக்கு இருக்கிறது அந்த வசதி?

பிறகு புதுக் கட்டிடம் வந்தது.
இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையில்,
அடுத்தடுத்த நாற்காலியில்.
ஒரே படிவம், அதுவும் திரையில்.
ரிப்பன் வெட்டிய அன்று தூறல்.
கத்தரிக்கோல் தட்டைப் பிடித்திருந்தது நான்தான்.

நான்கு நாள், ஒன்பது மணி நேரம் ஆனது.
எழுதும்போது கை நடுங்கியது, சந்தோஷத்தில்.
பொய் சொல்லவில்லை.
சோப்பு விலை இறங்கியது. கூரைத் தகரம் இறங்கியது.
மாதம் ஒரு நடை போன முவாகலிங்கா
மூன்று நடை போகிறார்.
முதல் மகள் பிறந்த செய்தி அவருக்கு இந்த வரிசையில் வந்தது,
அன்று பன்னிரண்டு லாரிக்கு முட்டை வாங்கிக் கொடுத்தார்.
இரண்டாவது மகள் பிறந்தபோது வீட்டில் இருந்தார்.

நகாம்பாவின் வாளியில் மாலையில் எண்பது மிச்சம்.
வீட்டில் ஆறு பேரும் தின்றார்கள்,
மறுநாளும் தின்றார்கள்.
"இவ்வளவு நன்றாக நாங்கள் சாப்பிட்டதே இல்லை" என்றாள்,
"திவாலாகிற வாரத்தில்தான்."

என்னிடம் ஒரு கேள்வித்தாள் இருந்தது.
எல்லை சீரானதால் உங்களுக்குக் கிடைத்த நன்மை:
மிகவும், ஓரளவு, இல்லை.
சோப்புக்கு மிகவும் போடு என்றாள்.
முட்டைக்கு இல்லை போடு.
மகனுடைய பள்ளிக் கட்டணத்துக்குக் கட்டம் இருக்கிறதா?
இல்லை.
சரி, ஓரளவு போட்டுக்கொள்,
உனக்கும் வேலை முடிய வேண்டுமே.

லுசாக்காவில் என் அட்டவணையைச் சுவரில் காட்டினார்கள்.
சரிந்து இறங்கும் நீலக்கோடு.
எல்லோரும் கைதட்டினார்கள், நானும்.
கோட்டின் அடியில் ஏதோ நகர்ந்தது.
ப்ரொஜெக்டரில் பூச்சி.

ஆறு மாதம் கழித்து எடைமேடைக்கு அனுப்பினார்கள்,
எல்லைக்குத் தெற்கே நாற்பது நிமிடம்.
ஒரே தராசு, முந்நூறு லாரி.
ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மிளகாய் வாசனை.

வாளி இல்லை. தள்ளுவண்டி, குடை, கரி அடுப்பு.
முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டித் தருகிறாள்,
ஒரு கையில் ஸ்டியரிங் பிடித்தபடி தின்னலாம்.
வெங்காயம் தான்சானியாவிலிருந்து வருகிறதாம்,
அந்தப் புதுக் கட்டிடம் வழியாக, இருபது நிமிடத்தில்.
வரி கட்டிய ரசீதைக் காட்டினாள்,
பிளாஸ்டிக் உறையில், மடிப்புக் கலையாமல்.

"இந்தத் தராசையும் சரிசெய்யப் போகிறீர்களா?"
ஆமாம், அடுத்த வருடம் என்றேன்.
லாரி வரிசையை ஒரு முறை பார்த்தாள்,
என் நோட்டை ஒரு முறை.
"எந்த மாதம்?"

சொன்னேன்.
என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி
வண்டிக் கட்டையில் எழுதிக்கொண்டாள்.
பேனாவைத் திருப்பித் தரவில்லை.