பதின்மூன்று சென்ரிமீற்றர்

ஒரு சதுர மீற்றர் முடிந்தால்
படிவத்தில் ஒரு பெட்டியை நிரப்ப வேண்டும்.
கிளியர்.
என் கையெழுத்தில் அது தினமும் எட்டு, ஒன்பது தடவை;
வேர் அடர்ந்த நாளில் நாலு.

பயிற்சியில் நிமலகாந்தன் கேட்டான்,
இதுக்குத் தமிழ் என்ன?
தெளிவு என்றாள் ஒருத்தி.
தண்ணிக்குச் சரி, மண்ணுக்கு எப்பிடி?
துப்புரவு என்றாள் இன்னொருத்தி;
குப்பை லொறி ஞாபகம் வந்து எல்லாரும் சிரித்தோம்.
பிறகு ஒருத்தரும் தேடவில்லை.
முகக்கவசத்துக்குள்ளே மூச்சு முட்டி
கண்ணாடி மங்கும் வெயிலில்
சொல்ல வருவது கிளியர் மட்டும்தான்.

எனக்கு அது புதுச் சொல்லும் இல்லை.
ஆண்டு ஏழில் படிக்கும்போது
சங்கக்கடையில் பருப்புச் சுற்றிவந்த கொழும்புப் பேப்பரில்
வரைபடம் இரண்டு நிறம்.
நாங்கள் அன்கிளியர்ட்.
எங்கள் வீடும், பின்னேர ரியூசனும்,
அடைக்கு இருத்திய கோழியும் அந்த நிறத்துக்குள்ளே.
எதை எடுத்தால் நாங்கள் கிளியர் ஆவோம்
என்று ரீச்சரிடம் கேட்டேன்.
அவ கரும்பலகையைத் துடைத்துவிட்டு
உதாரண வசனம் எழுதினா:
தி ஸ்கை இஸ் கிளியர்.
அன்றைக்கு வானம் அப்படித்தான் இருந்தது.
அதனால்தான் கிபிர் வந்தது.

இரவில் டோஹாவிலிருந்து அவர் எடுப்பார்.
கிளியரா இல்லை, கிளியரா இல்லை என்று
இரண்டு பேரும் கத்துவோம்.
நாள் முழுக்க எழுதியதை
நான் மறுத்துச் சொல்வது அப்போது மட்டும்.

வெள்ளிக்கிழமை, ஒலுமடுவில்
இராசமலரக்காவின் காணி முடிந்தது.
ஒன்றரை ஏக்கர். பதினேழு மிதிவெடி,
பித்தளையில் ஒரு இடியப்ப உரல்.
உரல் தன்னதில்லை என்றா,
ஆனாலும் வாங்கிக்கொண்டா.
சான்றிதழில் ஒரு வரி:
பதின்மூன்று சென்ரிமீற்றர் ஆழம் வரை.
அந்தச் சொல் அவ்வளவுதான் இறங்கும்.
வேர் இன்னும் இறங்கும்,
கிணறு இன்னும்.

நடந்து பாருங்கோ அக்கா, கிளியர் என்றேன்.
நடந்தா,
நான் வைத்த அடியிலேயே அடி வைத்து.

திங்கள் போனால் வேலியோரம் புதுக் கல்.
இத்தனை வருசம் மனிசக் கால் படாததால்
இது இப்ப காடாம்.
வனத் திணைக்களப் பெடியன்
நல்ல மாதிரித்தான் சொன்னான்:
மரத்தை வெட்டிக் கிளியர் பண்ணினால் வழக்கு.
இராசமலரக்கா என் பக்கம் திரும்பினா.
பிள்ளை, இது உங்கட கிளியரோ, வேறயோ?

பாலைப்பழம் உதிர்ந்து கிடந்தது.
அவ இரண்டைப் பொறுக்கி, ஊதி,
வாயில் போட்டுக்கொண்டு
அந்தக் கல்லின் மேலேயே இருந்தா.
பெடியன் ஒன்றும் சொல்லவில்லை.
லொறியில் இன்னும் கல் இருந்தது.