எண்ணாத நாட்கள்

ஏழாம் பெட்டியில் நேற்று ஒன்பது.
இன்று காலை
ஐந்தும் ஒரு வாலும்.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
இறப்புக்குக் காரணம்.
எனக்கு முன்பு இருந்தவர்
எல்லாவற்றுக்கும் ‘தாய்’ என்றே எழுதியிருக்கிறார்,
ஆறு வருடம், ஒரே நீல மையில்.
அப்படிப்பட்ட தாயைப் பட்டியலிலிருந்தும்
எடுத்துவிடுவாராம்.

நான் பேனாவைத் திறந்துவிட்டு நின்றேன்.
சனிக்கிழமை தண்ணீர்க் குப்பியின் முனையைக்
காற்றுக்குமிழி அடைத்திருந்தது.
ஆணை வேறு பெட்டிக்கு மாற்ற
மறந்தது நான்.
ஞாயிறு ராத்திரி குருசடித் திருவிழா.
ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம்தான்,
வெடிக்கெட்டு வந்து ஜன்னலைப் பிடித்து உலுக்கியது.
திங்கள் வின்சிலா வந்தாள்,
மூடியைத் திறந்து ஒவ்வொன்றாய்க் கையிலெடுத்து
“எக்கா, வயித்துக்குள்ள பாலு வெள்ளையா தெரியுது பாருங்க” என்றாள்.
அவள் கையில் சந்தன சோப்பு மணத்தது.

கட்டம் சிறியது.
‘தாகம், வெடி, சோப்பு, நான்’
என்று நெருக்கி எழுதினேன்.
பிரின்சிபால் சிவப்பில் வட்டம் போட்டு
ஒரு கேள்விக்குறி வைத்தார்.

ஏழாம் பெட்டிக்காரிக்கு
இரண்டாவது குப்பி மாட்டினேன்.
அவ்வளவுதான் தண்டனை.

எட்டாம் பெட்டிக்காரிக்கு அன்று இருபதாம் நாள்.
முதல் பேறு.
பலாக்கொட்டை அடைத்த பைபோல
இருபுறமும் புடைத்த வயிறு.
ஆணை மாற்றினேன்.
அவித்த முட்டையில் ஒரு துண்டு, கொஞ்சம் பொரிகடலை.
கூடு கட்ட, பழைய விடைத்தாள்களில்
மை படாத பக்கங்களை மட்டும் கிழித்துப் போட்டேன்.
நம் பிள்ளைகள் நிறைய எழுதாமல் விடுகிறார்கள்,
கூடு உயரமாய் எழும்பியது.
வெளிச்சம் வரும் பக்கத்தில் ஓர் அட்டை.
கதவில் என் கையெழுத்து:
எட்டு நாள் திறக்கக் கூடாது. எண்ணக் கூடாது.

ஜெனரேட்டர் போடாதேயும் என்றதற்கு
வாட்ச்மேன் பொன்னையன் சிரித்தார்,
“எலிக்குப் பேறுகாலமாக்கும்!”
ஆனாலும் அன்று ராத்திரி
வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தார்.

தக்கலை ஆஸ்பத்திரியில் எனக்கு மூன்றாம் நாள்.
வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையைத் தூக்கினார்கள்,
மூக்கு யாருடையது என்று தீர்ப்புச் சொன்னார்கள்.
மேசையில் ஹார்லிக்ஸ் ஐந்து பாட்டில்.
தண்ணீர்ச் செம்பு, கை எட்டாத ஜன்னல்மேல்.
கதவு திறந்து திறந்து மூடியது.
அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதற்கு
எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.
நல்லது.

விடியற்காலம் அட்டைக்குப் பின்னால்
ஈரத் தீக்குச்சி உரசுவது போல ஒரு சத்தம்,
பிறகு பல.

“எக்கா, எத்தன உண்டு?”
தெரியாது பிள்ளே.
“புராஜெக்டுக்குப் பன்னெண்டு வேணும். ஒருக்கா தொறந்து பாத்தா என்ன?”
தெரியாதுன்னா தெரியாது.

ஆறாம் வாரம் அவற்றுக்கு ஊசி.
எனக்குத் தெரியாமலா.
ஆறாம் வாரம் ஆறாம் வாரத்தில் வரும்.
இது முதல் வாரம்.

எட்டாம் நாள் நல்ல மழை,
தகரக் கூரைக்குக் கீழே பேச்சே கேட்கவில்லை.
மழை விடக் காத்திருந்தேன்.
கையைச் சோப்பில்லாமல் கழுவித் துடைத்து,
அவளுடைய மரத்தூளிலேயே தேய்த்துத் தேய்த்து
அவள் மணம் ஏறும்வரை வைத்திருந்து
மூடியை நகர்த்தினேன்.

எழுந்து வந்தாள்.
என் சுண்டுவிரலை முகர்ந்தாள்,
மீசை நடுங்க யோசித்தாள்,
எழுதாத பக்கங்களுக்குள் திரும்பிப் போய்
அவற்றின் மேல் படுத்துக்கொண்டாள்.
கைக்கடியில் பஞ்சு முளைத்த முதுகுகள்
ஒன்றின்மேல் ஒன்றாய் நெளிந்தன.

பேனா மேசையில் இருந்தது.
முதலில் குப்பியைக் கழற்றி
முனையை விரலால் தட்டிப் பார்த்தேன்.

ஒரு சொட்டு வந்தது.