ஓதம் ஏறும் தெரு

சுங்கச் சாவடியில் தொடங்கிய சண்டை
மலை இறங்கும்வரை வாய் திறக்காமல்
எங்களோடு வந்தது.
வால்திர் ஓட்டினான்.
நான் வாழைத் தோட்டங்களை எண்ணுகிறவள்போல இருந்தேன்.
பின்சீட்டில் கவான்,
காதை அடைத்துக்கொண்டு வேறெங்கோ.
இயாரா மட்டும் மாவுக்கட்டுக் காலை
எங்கள் இருவருக்கும் நடுவே நீட்டி
"கடல் வந்துடுச்சா?"
நாற்பது தரமாவது கேட்டிருப்பாள்.

குளிர்பெட்டிக்குச் சேர்த்த பணத்தைத்
தம்பிக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.
விடுதிக்கு முன்பணம் கட்டியாயிற்று,
அதனால் வந்தோம்.

பராச்சிக்குள் கார் போகாது.
தெருமுனையில் சங்கிலி.
அதற்கப்பால் வெள்ளைச் சுவர்கள்,
நீலத்திலும் மஞ்சளிலும் கதவுச் சட்டங்கள்,
கீழே கல்.
கல் என்றால் கல்.
ஒன்று முட்டியளவு, ஒன்று தலையளவு,
ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை.
இந்தத் தளத்துக்குப் 'பொடியன் பாதம்' என்று பேர்.
கடலை மிட்டாய்க்கும் அதே பேர்தான் எங்களிடம்.
வாடகைச் சக்கர நாற்காலி
பத்தாவது கல்லில் மாட்டிக்கொண்டது.
இயாரா சிரித்தாள்.
வால்திர் சிரிக்கவில்லை.

பழைய சுங்க மாளிகையில் ஒரு பலகை:
மலைக்கு அந்தப் பக்கமிருந்து
கோவேறு கழுதைகளில் தங்கம் இறங்கியது,
அரசனுக்கு ஐந்தில் ஒரு பங்கு,
கப்பல், கொள்ளையர், ஆண்டு.
"கல்லை யாரும்மா போட்டாங்க?"
பலகையை இரண்டாம் முறை படித்தேன்.
அடிமைகள் என்று ஒரு சொல்,
அரை வரியில்.
முந்நூறு பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறாக்குகிறவள் நான்.
கழுவிய தரையில்
கழுவியவள் பேர் இருக்காது, தெரியும்.
ஆனாலும்
என் அம்மாவின் குதிகால் வெடிப்பு
ஏனோ ஞாபகம் வந்தது.
"உன்னை மாதிரி, என்னை மாதிரி ஆளுங்க" என்றேன்.
அவள் குனிந்து ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தாள்,
கதவைத் தட்டுவதுபோல.

தேங்காய் மிட்டாய் விற்ற சுலெய்தியம்மா
தள்ளுவண்டிச் சக்கரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள்.
"இன்னிக்கு முழுநிலா. தண்ணி தெருவுக்கு வரும்."
வீட்டுக்குள்?
"வாசப்படி வரைக்கும். அதுக்கு மேல வராது.
அளந்து போட்டிருக்காங்க."

நாங்கள் பொரித்த மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது
ஓதம் ஏறியது.
அலை இல்லை, ஓசை இல்லை.
கல்லுக்கும் கல்லுக்கும் இடையில்
முதலில் ஒரு மினுக்கம்,
பிறகு எல்லாக் கற்களும்
ஒரே தெருவாகிப் போயின.
தேவாலயம் தலைகீழாக நின்றது.
ஒரு நாய் அதன் கோபுரத்தின்மேல் நடந்து போனது.

மாவுக்கட்டு நனையக் கூடாது.
கடைக்காரர் பழம் போடும் பை கொடுத்தார்.
வால்திர் முதுகைக் காட்டிக் குனிந்தான்.
கவான் காதிலிருந்ததைக் கழற்றிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
புதுச் செருப்பைக் கழற்றி
என் கையில் தந்துவிட்டு
தங்கையின் காலை இரு கையிலும் ஏந்திக்கொண்டான்,
ஊர்வலத்தில் ஏதோ சொரூபத்தைத் தூக்கிப் போவதுபோல.
நான் கடைசி.
முழங்கால் அளவு நிலா.

"கல் வழுக்குது, எதிலேனே,
என் பெல்ட்டைப் பிடிச்சுக்கோ."
முந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு
அவன் பேசிய முதல் வார்த்தை.
பிடித்துக்கொண்டேன்.
மன்னித்தேன் என்று யார் சொன்னது?
வழுக்கியது, பிடித்தேன்.
அடியில் ஒவ்வொரு கல்லாகத்
துழாவித் துழாவி என் பாதம் போயிற்று.
ஒவ்வொன்றையும் ஒருவர் தூக்கி வந்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து
கட்டை வெட்டியபோது
மெலிந்த காலோடு
ஒரு சிட்டிகை மணலும் விழுந்தது மேசையில்.
"இது எப்படி உள்ளே போச்சு?" டாக்டர் கேட்டார்.
வால்திர் என்னைப் பார்த்தான்.
நான் கூரையைப் பார்த்தேன்.
இயாரா அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டாள்.

குளிர்பெட்டி இன்னும் வரவில்லை.