வரவில்லை

பதிவேட்டில் கடைசிப் பத்தி என் பொறுப்பு.
'வரவில்லை' என்ற ரப்பர் முத்திரையும்
என் மேசையில்தான்.
வேறு எந்த முத்திரைக்கும் இவ்வளவு மை ஆவதில்லை.

எவாரிஸ்டோ நவெல்கீர், அறுபத்தொன்று.
வலச் சிறுநீரகத்தில் கல்; எடுத்தாயிற்று.
உள்ளே விட்டு வைத்தது ஒரு ஸ்டென்ட்,
இரு முனையும் பன்றிவாலாய்ச் சுருண்டது.
ஆறு வாரத்தில் உருவிவிட வேண்டும்.
ஒரு கெண்டித் தண்ணீர் கொதிப்பதற்குள்
முடிகிற வேலை.

மருத்துவமனை ட்ரெலேவில், கடல் பக்கம்.
அவர் ஆடுகள் மேட்டுநிலத்தில்.
நடுவே முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர்,
பாதிக்கு மேல் சரளை.
பேருந்து வியாழன் மட்டும்.
மருத்துவர் செவ்வாய் மட்டும்.
இடையில் ஐந்து இரவு விடுதி வாடகை.
பூமாவை நம்பி ஆட்டை விட்டுவிட்டா வருவார்?

அலைபேசி எடுக்க அவர் குன்றேற வேண்டும்.
ஞாயிறுதோறும் ஏறுவார்.
ஏழாம் வாரம் கேட்டேன்: நிறம் எப்படி?
"விடியுமுன் கிழக்கு மாதிரி."
சிரித்துவிட்டேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பன்னிரண்டாம் வாரம்:
"கலஃபாத்தே பழத்தை நசுக்கின மாதிரி."
நான் சிரிக்கவில்லை.
மந்தையைத் தாழ்நிலம் இறக்க வேண்டுமாம்.
குதிரையேறினால் விலாவுக்குக் கீழே ஆணி இறங்குகிறதாம்,
நடந்தே ஓட்டுகிறாராம்.

பிறகு பனி.
பத்து ஞாயிறுகள் மணி அடித்து ஓய்ந்தது.
முத்திரை, முத்திரை.

முப்பத்தோராம் வாரம் வந்தார்,
கம்பளி லாரியில், பொதிகளுக்கு நடுவே,
தாடியெல்லாம் பஞ்சு.
வந்தது வெள்ளிக்கிழமை.
செவ்வாய் வரை நடைபாதை பெஞ்சில் கிடந்தார்.

எக்ஸ்ரேயில் ஸ்டென்ட்
கெண்டியின் மூக்கில் படியும் உப்பாய்
வெளுத்துத் தடித்திருந்தது.
இழுத்தால் வராது.
இரண்டு அறுவை, ஒருவேளை மூன்று.

"இவ்வளவு அலட்சியமா?" என்றார் மருத்துவர்.
நவெல்கீர் தொப்பியைச் சுழற்றினார்,
என்னைப் பார்த்தார்.
குன்றை நான் சொல்லியிருக்கலாம்.
பெயரட்டையில் முனை மடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தேதி எழுதும்போது
"வியாழன் ஆகாதா, செஞ்ஞோரா?" என்றார்,
கடைக்காரரிடம் நூல் நிறம் கேட்பவர்போல.

பென்சிலால் வியாழன் என்று எழுதிவிட்டு
மருத்துவர் அறைக் கதவைத் தட்டினேன்.
போய்விட்டிருந்தார்.
புவெனஸ் அய்ரெஸ் விமானம் ஐந்து மணிக்கு.
அவருக்கும் வீடு தொலைவுதான்.
ஆனால் அவருக்கு டிக்கெட் எடுப்பது
நாங்கள்.