விநாடிக்குப் பதினான்கு மீட்டர்

சன்னாசியின் கழுத்தில் ஒரு கருவி,
தொடை மடிப்பில் இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே துடிப்பு
எத்தனை வேகமாய் ஓடுகிறது
என்று அளப்பது என் வேலை.
பதினான்கு என்றது திரை.
"வேகம்னா நல்லதுதானே மிஸ்ஸி?"

இல்லை.
இளகிய நாளம் துடிப்பில் கொஞ்சம் தானே வாங்கிக்கொள்ளும்,
விம்மித் தாழும்.
இறுகியது வாங்காது.
வந்த அடியை வந்தபடியே
மண்டைக்கு அனுப்பிவிடும்.

நான் முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.
முப்பத்தொரு வருடம் ஃபெரியின் எஞ்சின் அறையில்.
"பழைய ரப்பர் ஹோஸ் மாதிரி.
பம்பு அடிக்கிறப்ப
புதுசு மூச்சு விடும். பழசு உதறும்."
காற்றை நசுக்கிக் காட்டுகிறார்.
அந்த ஃபெரியின் பெயர் மட்டும்
வாயில் வரவில்லை.

டாக்டர் நஸ்ரீனின் ஆய்வுத்தாளில்
வரிக்கு வரி ஒரு 'கூடும்'.
மூளைக்குள் நாளங்களை ஒட்டி
மெல்லிய நீர் ஒன்று நடக்கிறதாம்,
தூக்கத்தில் கூடுதலாய்.
நாளத்தின் விம்மலே அதை உந்தக்கூடும்.
பகலின் கசடை அது அலசிப் போகக்கூடும்.
சுவர் இறுகினால் உந்தல் குறையக்கூடும்,
கசடு அங்கேயே
தங்கிவிடவும் கூடும்.

ஜன்னலுக்கு வெளியே சுங்கை பினாங்கு.
கடல் உள்வாங்கிய நேரம்,
ஆறு போகாமல் நிற்கிறது.
பாலத்தூண் அருகே
ஒரு போலிஸ்டிரீன் பெட்டி
அரை வட்டம் போய்
அரை வட்டம் திரும்புகிறது.

கேள்வி எண் பதினேழு:
ராத்திரி நன்றாகத் தூங்குகிறீர்களா?
"எஞ்சின் சத்தம் இல்லாம எங்க தூக்கம்?
கட்டிலுக்கு அடியில பழைய டேபிள் ஃபேன் ஒண்ணு,
கடகடன்னு அடிக்கும்.
அது அடிச்சா ரெண்டு மணி நேரம்."
ஃபாரத்தில் இருப்பது ஆம், இல்லை மட்டும்.
ஓரத்தில் எழுதினேன்: ஃபேன்.

அவர் போனதும்
கட்டிலில் விரித்த தாளை மாற்றவில்லை.
நானே படுத்தேன்.
வயது ஐம்பத்திரண்டு.
அதில் பத்தொன்பது வருடம் நைட் ஷிஃப்ட்.
நேற்று ராத்திரியும்.
கழுத்தில் கருவி,
ஜெல்லின் குளிர்ச்சி,
திரையில் என் அலை மேலே கீழே.
தொடைக்குப் போக வேண்டிய கை
வயிற்றின் மேலேயே கிடக்கிறது.

கதவு திறக்கிறது.
நாற்காலியில் விட்டுப்போன குடைக்காக
வந்து நிற்கிறார் சன்னாசி.
என்னைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார்.
குடையை எடுக்காமலே கேட்கிறார்:
"உங்களுக்கு எத்தன, மிஸ்ஸி?"