ஐந்தாவது இலை

சூரைக் கப்பலில் இருந்து இறங்கிய கொரியர்கள் மூன்று பேர்.
இன்று சூசொக்காம், செத்தவர்களுக்குச் சோறு வைக்கும் நாள்.
போர்ட் லூயிக்கு அது தெரியாது.
அதற்கு இன்று வெறும் ஞாயிறு, மாலை ஐந்து.

சீனர் தெருவில் வாத்து தொங்கும் கண்ணாடிக்குள்
கொக்கி மட்டும் தொங்கியது.
துறைமுகத்தோரம் திறந்திருந்த ஒன்றில்
விலைப்பட்டியலை நின்றபடி படித்து
நின்றபடியே திரும்பி வந்தார்கள்.
மீட்டரை எப்போதோ அணைத்துவிட்டேன்.
சொல்லவில்லை;
சொன்னால் நல்லவனாகிவிடுவேன்.

"ரைஸ்?" என்றான் இளையவன் தே-இல்.
"ரைஸ்" என்றேன்.
அவ்வளவுதான் எங்கள் ஆங்கிலம்.

ரோஸ்ஹில்லில், பூட்டிய செருப்புக் கடை வாசலில்
தால்பூரி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்
விலாசினி சிலம்பென்.
பூரி தீர்ந்துவிட்டது.
வீட்டுக்கு வைத்திருந்த சோறு உண்டு, கத்திரிக்காய் உண்டு.
"புரட்டாசி. மீன் கிடையாது, சொல்லிவிடு."
கையை மீனாக நெளித்து, இல்லை என்று ஆட்டினேன்.
பதினோரு மாதம் மீனோடு கிடந்தவர்கள்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

என்னையும் சேர்த்து நாலு இலை.
மூத்தவர் மா ஐந்து விரல் காட்டினார்.
காலி முக்காலியில் ஐந்தாவதை விரித்து,
சோற்றில் கரண்டியைச் செங்குத்தாக நட்டு,
தார்ச்சாலையில் நெற்றி பட விழுந்தார்.
விலாசினி ஒன்றும் கேட்கவில்லை.
அந்த இலையைச் சுற்றி நீர் தெளித்தாள்,
பக்கத்தில் ஒரு சோடா வைத்தாள்.

நான் மேலே பார்த்தேன், பழக்கதோஷம்.
நிலா இருந்தது.
இந்நேரத்துக்கு எந்தக் காக்கை வரும்?

கொஞ்சம் பொறுத்து
தே-இல் அந்த இலையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.
கணக்கில் நாலு இலைதான்.
சோடாவுக்குக் காசு வாங்கிக்கொண்டாள்.