நாலேகாலுக்குப் பிறகு

ஆறு கடிதங்களையும் நான்தான் அடித்தேன்.
‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று தொடங்கி
‘தங்கள் சேவை இம்மாத இறுதியுடன் முடிவுறுத்தப்படுகின்றது
என்பதை அறியத்தருகின்றேன்’ என்று முடிய.
பெயரை மட்டும் மாற்றினால் போதும்.
நாலாவதில் மாற்ற மறந்துபோனேன்;
தவேந்திரனுக்கு இரண்டுதரம் வேலை போனது.
அழித்துவிட்டு
ஜெஸீமா என்று போட்டேன்.

காசு வந்த தேசத்தில் யாரோ
ஒரு வரியை வெட்டியிருக்கிறார்கள்.
அந்த வரிக்குள்தான்
எங்கள் வாவியின் உப்பளவு இருந்தது,
கண்ணா வேரடிச் சேறு இருந்தது,
தவேந்திரனின் தோணிக் கூலி,
ஜெஸீமாவின் தங்கச்சிக்கு ஏறாவூரில் ரியூசன்.
வெட்டியவருக்கு அது தெரிந்திருக்க ஞாயமில்லை.
எனக்குத் தெரியும்; நான் வவுச்சர் எழுதியவள்.

நாலேகாலுக்கு விரலை வைத்து வெளியேறினேன்.
நாலு இருபதுக்கு
சங்கத்தின் உபசெயலாளராகத் திரும்பி வந்தேன்.
அதே கதிரை, அதே கணினி.
கடதாசி மட்டும் சங்கத்தினது,
அதையும் எண்ணித்தான் எடுத்தேன்.
விரல்களுக்கு வெட்கமில்லை,
இதையும் ‘மேற்படி விடயம்’ என்றே தொடங்கின.

வந்தாறுமூலையில் அன்று விடாத மழை.
சைக்கிள் கொட்டிலுக்குள் கூட்டம்.
சாரதி கோவிந்தபிள்ளை கேட்டார்:
“என்னகா, கொன்ராக்ட் ஆக்கள் நம்மட சங்கத்துல இல்லையே.
ஒரு மாசச் சந்தா கட்டியிருக்காங்களா?”
தகரம்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
போன் வெளிச்சத்தில் யாப்பைப் புரட்டினோம்.
ஏழாம் பிரிவு: ‘நிரந்தர ஊழியர்’.
திருத்த இருபத்தொரு நாள் முன்னறிவித்தல் வேண்டும்.
மாத முடிவுக்குப் பத்தொன்பது நாள்.

கோவிந்தபிள்ளை மூக்குக்கண்ணாடியைச்
சேட்டு நுனியால் துடைத்தார், வெகுநேரம்.
“அப்ப பிழையாத்தான் செய்யணும்.
ஆறு ரிசீற் எழுதுங்க. காசு நான் தாறன்.
கடன்தான். மறுகா சம்பளத்துல தரட்டும்.”
எந்தச் சம்பளம் என்று
யாரும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்டது வானத்தையல்ல.
நிலுவையிலுள்ள சேமலாப நிதி,
வேறு பிரிவுகளில் மூன்று மாதம்,
மூன்று வருடச் சேறு உறைந்திருக்கும் குளிர்பெட்டியின்
பிளக்கைப் பிடுங்காதிருத்தல்.
ஐந்தாம் நாள் பதில் வந்தது:
குளிர்பெட்டிக்கு அனுமதி.
ஆட்கள் பரிசீலனையில்.

வியாழன் நண்பகல்
நூலகம் எழும்பி வந்தது. விடுதிச் சமையலறை
அகப்பையோடு வந்தது. பஸ்கள் மூன்றும்
வாசலில் நின்றன, சாரதி இல்லாமல்.
பதிவாளரின் கார் வெளியே போக
அரை மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவுதான்.
கோஷம்கூடச் சரியாக அமையவில்லை;
எங்களில் பாதிப்பேருக்கு
அந்த ஆராய்ச்சியின் பெயர் வாயில் வரவில்லை.

நாலு பேருக்கு மார்ச் வரை இடம்.
ஜெஸீமா பரீட்சைக் கிளையில் விடைத்தாள் கட்டு கட்டுகிறாள்.
தவேந்திரனும் பொன்செல்வியும் வெளியே.
‘நாலை வென்றோம்’ என்று பலகையில் எழுதச் சொன்னார்கள்.
கீழே
‘இரண்டு இன்னும்’ என்றும் எழுதினேன்.

திங்கள் காலை
தவேந்திரன் என் மேசையில்
ஒரு சோடாப் போத்தலை வைத்தான்.
கலங்கல் தண்ணீர். லேபலில் திகதி, நேரம்,
‘முகத்துவாரம் வெட்டியாச்சு’.
கழுத்துவரை நிரப்பவில்லை;
உறைந்தால் வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.
“கை சும்மா இருக்குதில்ல அக்கா.
இத எங்க பதியிற?”

அதற்கு என்னிடம் படிவம் இல்லை.
குளிர்பெட்டியைத் திறந்து
கடைசி இலக்கத்தைப் பார்த்தேன்:
ஆயிரத்து நூற்றி எட்டு.
அடுத்ததை எழுதி வைத்து மூடினேன்.
கணினி முன் வந்து இருந்தபோது
மணி பத்து ஐந்து.
நாலேகாலுக்கு
இன்னும் நிறைய நேரம்.